மாத்தளையின் குளங்களும் ஆறுகளும்: பறவை பார்த்தலின் ஒரு வரலாறு

மாத்தளை மாவட்டத்தில் சொல்லத்தக்க இயற்கை ஏரி எதுவும் இல்லை. ஆறுகள் உண்டு, மலையோடைகள் உண்டு. ஆனால் நாரையும் நீர்க்காகமும் இலைக்கோழியும் கூடும் தேங்கிய நீர் அத்தனையும் மனிதர் மண்ணை வெட்டிக் கரை கட்டித் தேக்கியது. ஆப்பிரிக்காவின் ஒகவாங்கோ கழிமுகத்துக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள், அங்கோலா மலைகளில் பெய்த மழை பல மாதம் கழித்து பொட்ஸ்வானாவின் வறண்ட நிலத்தில் வந்து பரவுவதைக் காண்கிறார்கள். அங்கே வெள்ளத்தின் ஏற்ற இறக்கத்தை வானம் தீர்மானிக்கிறது. மாத்தளையில் அதைத் தீர்மானிப்பது மதகைத் திறந்து மூடுகிறவர். ஆகவே இந்த மாவட்டத்து நீர்ப்பறவைகளின் வரலாறு பெருமளவுக்கு நீர்ப்பாசனத்தின் வரலாறு.

மாவட்டத்தின் நீர் இரு கடல்களுக்குப் பிரிந்து போகிறது. மாத்தளை நகரின் ஊடாக வடக்கே ஓடும் சுது கங்கை, நாலந்தாப் பக்கத்து ஓடைகளோடு சேர்ந்து அம்பன் கங்கையாகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரில் பிறக்கும் களு கங்கையும் அதில் கலக்கிறது. அம்பன் கங்கை கடைசியில் மகாவலியோடு சேர்ந்து திருகோணமலைப் பக்கம் கடலை அடைகிறது. வடமேற்கே தம்புள்ளை ஓயாவும் மிரிஸ்கோணி ஓயாவும் கலாவெவவுக்குப் போய், கலா ஓயா வழியே புத்தளம் பக்கம் கடலில் விழுகின்றன. தெற்கே 1,900 மீற்றருக்குச் சற்று மேலே எழும் கொம்பனியா சிகரம், வடக்கே தம்புள்ளை, கலேவெலயின் வறண்ட சமவெளி, கிழக்கே மகாவலிக் கரையின் காடு என ஒரே மாவட்டத்துக்குள் மூன்று வகை நிலம். ஒரு நாள் பயணத்தில் மலையோடைக் குருவியையும் குளத்து நாரையையும் பார்த்துவிட முடிவது இதனால்தான்.

அம்பன் கங்கையின் குறுக்கே எலஹெரவில் கட்டப்பட்ட கல்லணை இந்த நீர்வேலைகளில் மிகப் பழையனவற்றுள் ஒன்று. கி.பி. முதல் நூற்றாண்டின் வசபன் அங்கிருந்து கால்வாய் வெட்டினான் என்றும், மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மகாசேனன் அந்த நீரை மின்னேரியாக் குளத்துக்குக் கொண்டுபோனான் என்றும் கொள்ளப்படுகிறது. பின்வந்த மன்னர்கள் கால்வாயைக் கவுடுல்ல, கந்தளாய் வரை நீட்டினார்கள். மாத்தளை மலையில் பெய்த மழை திருகோணமலை மாவட்டத்து வயலில் நெல்லாக விளைந்தது இப்படித்தான். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் சிகிரியாவைத் தலைநகராக்கியபோது குன்றின் அடியில் நீர்த்தோட்டங்களும் தெற்கே பெரிய குளமும் அமைந்தன. அந்தக் குன்றின் செங்குத்துப் பாறையில் ஷாஹீன் வல்லூறு இன்றும் கூடு வைக்கிறது. கீழே கட்டியவை இடிந்தும் மூடியும் போயின. பறவைக்கு வேண்டியிருந்த பாறை அப்படியே நிற்கிறது.

பெருங்குளங்களைப் பற்றியே வரலாறு பேசுகிறது. பறவைகளுக்குப் பெரிதும் உதவியவை ஊர்க்குளங்கள். வறண்ட வலயத்தில் ஒரு சிற்றோடையின் பள்ளத்தாக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குளங்களைக் கட்டி, மேற்குளத்து மிச்ச நீரைக் கீழ்க்குளம் பிடித்துக்கொள்ளும்படி அமைத்தார்கள். குளத்தின் தலைப்பக்கம் காற்றையும் ஆவியாதலையும் தடுக்க மரக்கூட்டம், கரைக்குக் கீழே உவரை உறிஞ்ச ஒரு சிறு காடு. இந்த மரங்களில்தான் கொக்கும் நீர்க்காகமும் இரவில் அடையும், கூடு கட்டும். வயல்வெளியின் ஓரத்தில் ஒரு துண்டு நெல்லைப் பறவைகளுக்கென்று விட்டுவிடும் வழக்கமும் இருந்தது. சிங்களக் கிராமங்களில் அதற்குக் குருலு பாலுவ என்று பெயர். இதைப் பக்தி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தமக்கென்று ஒரு பங்கு இருக்கும்போது குருவிக்கூட்டம் மற்ற வயலை அவ்வளவாக மேயாது என்ற கணக்கும் அதில் இருந்தது. இலங்கையின் இந்தக் குளத்தொடர் முறையை ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக விவசாய மரபுரிமை முறைகளில் ஒன்றாக ஏற்றது.

குளத்தின் ஓராண்டு இப்படிப் போகிறது. ஒக்டோபரில் தொடங்கும் மழையும் அதையடுத்த வடகீழ்ப் பருவக்காற்றும் குளத்தை நிரப்ப, பெரும்போகம் நடக்கிறது. மார்கழி, தையில் குளம் வான் பாயும். அப்போது நீர் ஆழமாக இருப்பதால் நீந்தும் பறவைகளுக்கே வசதி. முக்குளிப்பானும் சீழ்க்கைச் சிறகியும் நடுக்குளத்தில் மிதக்கும். சிறுபோகத்துக்கு மதகு திறந்து, வெயிலும் குடிக்க, ஆடி, ஆவணியில் கரையோரம் சேறும் இடையிடையே முழங்காலளவு நீரும் மிஞ்சும். மீனும் நத்தையும் ஒடுங்கிய நீரில் அகப்படும் காலம் அது. மஞ்சள்மூக்கு நாரை, வெண்கொக்கு, கூழைக்கடா என்று பெரும் பறவைகள் அப்போது இறங்கும். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் ஒட்டாமல் ஓர் இடைவெளி விட்டு வளைந்திருக்கும். அது சேற்றில் நத்தையைத் துழாவி எடுத்து, கீழலகின் நுனியை ஓட்டின் வாய்மூடிக்குள் நுழைத்துத் தசையை அறுத்து இழுத்துவிடும். ஓடு பெரும்பாலும் உடைவதில்லை. நாரைகள் மேய்ந்துபோன இடத்தில் முழு ஓடுகளாகச் சிதறிக் கிடப்பது அதனால்தான். இதே வேலையைச் செய்யும் இதன் நெருங்கிய உறவுப் பறவை ஒன்று ஆப்பிரிக்கச் சதுப்புகளில் வாழ்கிறது. உலகில் இந்தப் பேரினத்தில் இருப்பவை இந்த இரண்டே.

பறவைகளைக் காக்க அரசாணை பிறந்ததற்கும் பழைய சான்று உண்டு. 1187 முதல் 1196 வரை பொலன்னறுவையில் ஆண்ட நிசங்க மல்லன் தம்புள்ளைக் குகைக்கோயிலின் சிலைகளுக்குப் பொன் பூசியவன். அனுராதபுரம் ருவன்வெலிசாய அருகே உள்ள அவனது கல்வெட்டு, பெருங்குளங்களின் மீன்களுக்குப் பாதுகாப்பு அளித்ததையும், காம்போஜர் எனப்பட்டோருக்குப் பொன்னும் துணியும் கொடுத்துப் பறவை பிடிப்பதை நிறுத்தச் சொன்னதையும் தெரிவிக்கிறது. வெறும் தடை விதிக்காமல் பிழைப்புக்கு ஈடு கொடுத்துத் தடுத்தான் என்பது கவனிக்கத்தக்கது; பிற்காலச் சட்டங்கள் பல இந்த அளவுக்குக்கூட யோசிக்கவில்லை.

1215இல் கலிங்க மாகன் படையெடுத்த பின் தலைநகரம் தென்மேற்கே நகர்ந்தது. பெருங்கால்வாய்களைப் பராமரிக்கும் ஆட்கட்டு குலைந்தது, மலேரியா பரவியது, தம்புள்ளைக்கு வடக்கே ஊர்கள் காடாயின. கரை உடைந்த குளத்திலும் மழைக்குப் பின் புல் படர்ந்த ஆழமற்ற நீர் நிற்கும் என்பதால், இந்தச் சரிவில் மனிதர் இழந்த அளவுக்குப் பறவைகள் இழந்திருக்க நியாயமில்லை.

இந்தப் பறவைகள் ஏட்டில் ஏறியது கடலோரத்திலிருந்து. 1752 முதல் 1757 வரை ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டன், பீட்டர் டி பெவரே என்ற உள்ளூர் ஓவியரைக் கொண்டு இலங்கைப் பறவைகளை வரைவித்தார். அந்தப் படங்களை வைத்தே தோமஸ் பென்னன்ட் 1769இல் செம்முகப் பூங்குயிலை விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தினார். மாத்தளை அப்போது கண்டி அரசின் ஒரு திசாவை (மாகாணம்). ஒல்லாந்தர் தூரிகையோடு அங்கே போயிருக்க வழியில்லை. 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போன பின்புதான் மலைநாட்டுக் காடுகள் துப்பாக்கிக்கும் குறிப்பேட்டுக்கும் ஒருசேரத் திறந்தன.

அந்தக் காலத்தில் பறவையை அறிவது என்றால் சுட்டு வீழ்த்தித் தோலுரித்துப் பாடம் செய்வது. 1840களில் வந்த எட்கர் லேயார்ட் இப்படித் தேடியவர்களில் முதன்மையானவர். மலையடிவாரக் காடுகளில் கூச்சலிட்டுப் பறக்கும், பச்சைக் கழுத்தும் சாம்பல் முதுகும் உடைய கிளிக்கு அவருடைய மனைவியின் குடும்பப் பெயர் விஞ்ஞானப் பெயராக நிற்கிறது. லேயார்டுக்குப் பறவைகளைக் கொண்டுவந்து கொடுத்தவர் முத்து என்ற தமிழ்ப் பணியாள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அவர் கொண்டுவந்த பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானுக்கு லேயார்ட் 1854இல் 'முத்துயி' என்று பெயர் வைத்தார். வடகிழக்கு இந்தியா, தென் சீனா பக்கத்திலிருந்து குளிர்காலத்தில் வந்து நிழலான ஓடைக்கரைகளில் தங்கும் சிறு குருவி அது. பறவைகளுக்குச் சூட்டிய பெயர்களில் துரைமாரும் அவர்கள் வீட்டுப் பெண்களும் ஏராளம். அவர்களுக்காகக் காடு மேடு அலைந்த உள்ளூர்க்காரர் பெயர் நின்றது மிக அரிது.

லேயார்டின் பட்டியலை ஒட்டி 1852இல் கேலார்ட் என்ற பறங்கிய மருத்துவரின் நூல் வந்தது. முத்துக்குளிப்பு ஆய்வுக்காக அரிப்பு என்ற ஊரில் இருந்த ஹோல்ட்ஸ்வேர்த் 1872இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். மலையோடைப் பாறைகளில் வாழும் இலங்கைச் சீகாரப் பூங்குருவியை விவரித்தவர் அவர்தான். நக்கிள்ஸ் ஓடைகளில் அதைப் பார்ப்பது இன்றும் பெரும் பேறு. பொழுது விடியுமுன்னும் மங்கிய பின்னும் மட்டுமே வெளியே வரும், கீச்சென்ற ஒற்றைக் குரலால்தான் இருப்பைக் காட்டும். இவை எல்லாவற்றையும் உள்ளடக்கி, பீரங்கிப் படை அதிகாரி வின்சென்ட் லெக் எழுதிய பெருநூல் 1878க்கும் 1880க்கும் இடையில் பகுதி பகுதியாக வந்தது. கூலெமன்ஸ் வரைந்த படங்களோடு, பறவைகளின் சிங்கள, தமிழ்ப் பெயர்களையும் அது பதிந்து வைத்தது.

இந்த நூல்கள் எழுதப்பட்ட காலத்தில்தான் மாத்தளைக் காடு மிக வேகமாக அழிந்தது. கோப்பித் தோட்டங்களுக்காக மலைச்சரிவுகள் வெட்டி எரிக்கப்பட்டன. அவற்றில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வடக்குப் பாதையில் தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். பாதை நெடுக அவர்களுக்குக் குடிநீர் என்று இருந்தவை இதே பாழடைந்த குளங்களும் ஓடைகளும். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர் பலர். அதே நிலத்தில் கார்த்திகை முதல் பங்குனி வரை வயல் உள்ளான் சுடுவது துரைமாரின் பொழுதுபோக்காக இருந்தது. ஒரே குளக்கரையை இரு கூட்டத்தார் எத்தனை வேறாகப் பார்த்திருப்பார்கள் என்பதைப் பறவை நூல்கள் எதுவும் சொல்வதில்லை. 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்த, தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் அந்த இடத்தைப் பிடித்தன. 1880இல் ரயில் மாத்தளைக்கு வந்தது.

சுடுவதிலிருந்து பார்ப்பதற்கு மாறிய காலம் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி. இதில் கம்மடுவைக்கு ஓர் இடம் உண்டு. டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் என்ற தோட்டத்துரை மாத்தளைக் கிழக்கு மலைகளில் கம்மடுவையில் உள்ள மௌசாகந்த தோட்டத்தில் கிடைத்த ஒரு மூஞ்சூறை 1928இல் புதிய இனமாக விவரித்தார். இலங்கைப் பாலூட்டிகளைப் பற்றி 1935இல் வெளிவந்த அவருடைய கையேடு நெடுங்காலம் பயன்பட்டது. பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தவரும் அவரே. தோட்டத்தில் வருடம் முழுக்க ஒரே இடத்தில் இருக்கும் ஒருவருக்கே, எந்தப் பறவை எந்த மாதம் வருகிறது, எந்த மழைக்குக் கூடு கட்டுகிறது என்பது தெரியவரும். சுற்றிவந்து சுட்டவர்களால் இதைச் செய்ய முடியவில்லை. 1937இல் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1943இல் பிலிப்ஸ் முதலியோர் சேர்ந்து இலங்கைப் பறவைக் கழகத்தைத் தொடங்கினர். அங்கத்தினர் அனுப்பும் அவதானங்களைத் தொகுத்து வெளியிடும் அதன் குறிப்பிதழ் நின்றபாடில்லை. ஜீ. எம். ஹென்றி தாமே எழுதித் தாமே படம் வரைந்த வழிகாட்டி 1955இல் வெளிவந்த பிறகு, தொலைநோக்கியும் அந்த ஒரு நூலும் இருந்தால் யாரும் பறவை பார்க்கலாம் என்ற நிலை வந்தது. 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய கள பறவையியல் குழு இந்தப் பழக்கத்தைத் துரைமார் வட்டத்திலிருந்து பள்ளிக்கூடங்களுக்கும் ஊர்களுக்கும் கொண்டுபோனது.

அதற்குள் குளங்கள் திரும்ப நிறையத் தொடங்கியிருந்தன. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் காடடர்ந்து கிடந்த குளங்கள் பல புதுப்பிக்கப்பட்டுக் குடியேற்றங்கள் அமைந்தன. மிரிஸ்கோணி ஓயாவைத் தடுத்த கண்டலமக் குளம் 1950களில் மீண்டது. மருத மரங்கள் சூழ்ந்த அதன் கரையில் சாம்பல் தலை மீன் கழுகு, பேரலகு மீன்கொத்தி, கடலிலிருந்து உள்நாட்டுக்கு வந்து மீன் பிடிக்கும் வெண்வயிற்றுக் கடற்கழுகு ஆகியவற்றைப் பார்க்கலாம். 1990களின் தொடக்கத்தில் அதன் கரைக் குன்றில் விடுதி கட்டும் திட்டம் வந்தபோது, குளத்து நீர் கெடும் என்று பிக்குமாரும் ஊராரும் எதிர்த்தனர். கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த விடுதி 1994இல் திறக்கப்பட்டது; கொடிகள் மூடி, இன்று பாறையிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். வெளிநாட்டுப் பறவை ஆர்வலர்களின் பயணத்திட்டங்களில் கண்டலம இடம்பெறத் தொடங்கியது அதன் பிறகு.

மாவட்டத்து ஆறுகளை அடியோடு மாற்றியது மகாவலித் திட்டம். 1976இல் கண்டி அருகே பொல்கொல்லவில் மகாவலியை மறித்து, எட்டு கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவளையில் சுது கங்கைக்குள் திருப்பிவிட்டார்கள். அதுவரை மழைக்குப் பெருகி வெயிலுக்கு ஒடுங்கிய சுது கங்கை, வேற்றாற்று நீரைச் சுமக்கும் வாய்க்காலானது. கீழே நாவுல அருகே போவத்தென்ன நீர்த்தேக்கம் அந்த நீரை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை அம்பன் கங்கையிலும் மறு பங்கைச் சுரங்கம் வழியே தம்புள்ளை ஓயாவிலும் விட்டது. தேங்கும் நீரில் மூழ்கும் நிலை வந்ததால், பல்லவப் பாணியில் கட்டப்பட்ட நாலந்தா கெடிகே கல் கல்லாகக் கழற்றப்பட்டு 1980இல் கரைமேட்டில் திரும்பக் கட்டப்பட்டது. கோயிலுக்குக் கிடைத்த அந்தக் கவனம் ஆற்றங்கரைக் காட்டுக்குக் கிடைக்கவில்லை.

ஆயினும் இழப்புக்கு ஈடாக ஒன்று கிடைத்தது. மகாவலித் திட்டத்தால் இடம்பெயர்ந்த விலங்குகளுக்கென்று உருவான தேசியப் பூங்காக்களில் ஒன்றான வஸ்கமுவ 1984இல் அறிவிக்கப்பட்டது. 1938இலேயே ஒதுக்கப்பட்டிருந்த அந்தக் காடு மாத்தளை, பொலன்னறுவை மாவட்டங்களில் பரந்திருக்கிறது; கிழக்கே மகாவலியும் மேற்கே அம்பன் கங்கையும் அதற்கு எல்லை. நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே பதிவாகியுள்ளன. மணல் திட்டுகளில் தனித்து நிற்கும் சிறிய பெருநாரையும், ஆற்றங்கரை மரங்களின் உச்சியில் பழம் தேடும் இருவாட்சியும், லோட்டனின் ஓவியத்தில் இடம்பெற்ற செம்முகப் பூங்குயிலும் அதன் சிறப்புகள். நக்கிள்ஸ் மலைக்காடு 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. குளங்களுக்கு அத்தகைய அங்கீகாரம் வரவில்லை. ராம்சார் ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள இலங்கையின் ஆறு ஈரநிலங்களில் ஒன்றும் மாத்தளையில் இல்லை. மனிதர் கட்டிய குளமும் நெல்வயலும்கூட ஈரநிலமே என்று அந்த உடன்படிக்கை ஏற்றுக்கொண்டிருக்கும்போது இது ஒரு குறைதான்.

2018இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த, களு கங்கை நீர்த்தேக்கங்கள் இந்த வரிசையில் கடைசி. மொரகஹகந்த ஒன்றே 57 கோடி கன மீற்றர் நீரைத் தேக்கும். லக்கல, நாவுலப் பகுதியில் வயல்களும் ஊர்களும் ஆற்றோரக் காடும் அடியில் போயின. பழைய லக்கல நகரமே இடம் மாறியது. வரைபடத்தில் இவ்வளவு நீலம் கூடியதால் பறவைகளும் கூடும் என்று நினைப்பது தவறு. பள்ளத்தாக்கை அடைத்த நீர்த்தேக்கத்தின் கரை செங்குத்து. காலூன்றி மேயும் நாரைக்கும் உள்ளானுக்கும் அங்கே இடமில்லை. மூழ்கிய மரங்களின் மொட்டைக் கிளைகளில் அமர்ந்து இறகு உலர்த்தும் நீர்க்காகங்களுக்கும், மீன்பிடி கழுகுகளுக்கும், குளிர்காலத்தில் வரும் விராலடிப்பானுக்கும் ஆழ்நீர் போதும். மற்றவற்றுக்கு வேண்டியது முழங்காலளவு நீரும் சேறும்.

அவை கிடைப்பது இன்னும் பழைய குளங்களில்தான். அங்கேயும் நெருக்கடிகள் உண்டு. நீர்த்தாமரை என்ற ஆகாயத்தாமரைப் பூண்டை ஒழிக்க 1909இலேயே சட்டம் போடப்பட்டது, பூண்டு ஒழியவில்லை. 1939இல் வந்த சல்வீனியா அதனோடு சேர்ந்துகொண்டது. இவை மூடிய நீரில் இலைக்கோழி நடக்கும், ஆனால் மீன்கொத்திக்கு அடியில் இருப்பது தெரியாது. மரக்கறிச் சந்தைக்குப் பேர்போன தம்புள்ளைச் சுற்றுவட்டத் தோட்டங்களின் பூச்சிமருந்தும் உரமும் மழையோடு குளத்தில் இறங்குகின்றன. அம்பன் கங்கை, களு கங்கைக் கரைகளில் மணலுக்கும் இரத்தினக் கல்லுக்கும் தோண்டிய குழிகள் மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் வளை போடும் மண்சுவர்களைச் சரித்துவிடுகின்றன.

ஜனவரிதோறும் பறவைக் கழகம் நாடெங்கும் நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, குளம் நிறைந்திருக்கும் மாதத்தில் வருகிறது. வலசைப் பறவைகளை எண்ண அதுவே ஏற்ற காலம். ஆனால் உள்ளூர் நாரைகள் சேற்றில் கூடும் ஆடி, ஆவணி அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. ஊர்க்குளங்களைத் தூர்வாரும்போதும் கொள்ளளவு மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகிறது. ஓரம் வரை ஒரே ஆழமாக வெட்டிவிட்டால் குளம் அதிக நீர் பிடிக்கும், முக்குளிப்பானுக்கும் குறையிருக்காது. நத்தைகுத்தி நாரை நிற்கும் தட்டையான சேற்றோரம் போய்விடும். தலைப்பக்கத்துச் சரிவை வெட்டாமல் விட்டு, கரையை ஒட்டிய பகுதியை மட்டும் ஆழப்படுத்தினால் இரண்டுக்கும் வழி உண்டு. பழைய குளங்கள் கட்டப்பட்டிருந்த விதமும் ஏறக்குறைய அதுவே.